காலந்தாழ்ந்து திறந்த கதவு

விளையாட்டு வீரனுக்கு வாய்க்கும் காலம் மிகச் சிறிது. புலவனுக்கு வயது ஏற ஏறப் புலமை முதிரும். ஆசிரியருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல அனுபவம் கூடும். வீரனுக்கோ உடலே மூலதனம். 20 வயதில் அரும்பும் அவன் திறமை 30 வயதுக்குள் மலர்ந்து, 35 வயதுக்குப் பின் வாடத் தொடங்கிவிடும். இது இயற்கை வகுத்த கணக்கு.

இந்தக் கணக்கையே பொய்யாக்கி, தம் 42-ஆம் வயதில் தம் நாட்டின் தலையாய போட்டிகளில் புதுமுகமாக நுழைந்தார் ஒருவர். 59-ஆம் வயதிலும் அவரைப் பந்தெறிய அழைத்தார்கள். அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தில் அழியாப் புகழ்பெற்ற பந்து வீச்சாளர் சாட்செல் பெய்ஜ்தான் அவர். 42 வயது வரை அவருக்குத் திறமை வரவில்லையா? எப்போதோ வந்துவிட்டது. கதவுதான் திறக்கவில்லை. அந்தக் கதவு ஏன் மூடிக் கிடந்தது, அது திறக்கும்வரை அவர் எப்படி வாழ்ந்தார், திறந்தபின் என்ன செய்தார் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டமும் அதைச் சுற்றி எழுந்த சுவரும்

கிரிக்கெட்டை அறியாதவர் நம்மிடையே இல்லை. பேஸ்பாலும் பந்தும் மட்டையும் கொண்டு ஆடும் ஆட்டமே. ஆனால் அங்கே பந்து தரையில் பட்டு எழுவதில்லை. காற்றிலேயே நேராக வரும். சிறு மேட்டின்மேல் நின்று பந்து வீச்சாளர் எறிவார். 60 அடி 6 அங்குலத் தொலைவில் மட்டையாளர் உருண்டை மட்டையோடு காத்திருப்பார். மூன்று முறை தவறவிட்டால் அவர் வெளியேற வேண்டியதுதான். ஓர் அணிக்கு 9 முறை மட்டை பிடிக்கும் வாய்ப்பு வரும். தொடக்கத்தில் எறிபவர் களைத்துப்போனாலோ அடி வாங்கினாலோ அவரை எடுத்துவிட்டு வேறொருவரை இறக்குவார்கள். இப்படி இடையில் வருபவரை மாற்று வீச்சாளர் எனலாம்.

மாற்று வீச்சாளரின் நிலை விந்தையானது. ஆட்டத்தைத் தொடங்கும் பெருமை அவருக்கு இல்லை. வரும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் இல்லை. பெரும்பாலும் வேறொருவர் பட்ட கடனை அடைப்பதற்காகவே அவரைக் கூப்பிடுவார்கள். சாட்செல் பெய்ஜ் தம் இளமையில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் நாயகராக விளங்கியவர். ஆனால் நாட்டின் தலையாய அரங்கு அவருக்கு அளித்தது பெரும்பாலும் மாற்று வீச்சாளரின் இடமே. அவர் வாழ்க்கையும் அப்படித்தான் அமைந்தது.

அமெரிக்காவில் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என இரண்டு பெரும் அமைப்புகள் உண்டு. அவற்றில் ஆடுவதே பேஸ்பால் வீரனின் உச்ச கனவு. 1880-களுக்குப் பின் அறுபதாண்டுக் காலம் அவற்றில் ஒரு கறுப்பருக்குக்கூட இடம் கிடைக்கவில்லை. கறுப்பரைச் சேர்க்கக் கூடாதென்று எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. உரிமையாளர்கள் தமக்குள் பேசாமலே செய்துகொண்ட உடன்பாடு அது. எழுதிய விதியையாவது எதிர்த்து வழக்காடலாம். எழுதாத விதியை யாரிடம் போய் முறையிடுவது?

உள்ளே விடாதவர்களை நம்பிப் பயனில்லை என்று கண்ட கறுப்பின மக்கள் தமக்கெனத் தனி அணிகளையும் அமைப்புகளையும் உண்டாக்கினர். 1920-இல் ரூப் பாஸ்டர் என்பவரின் முயற்சியால் நீக்ரோ நேஷனல் லீக் தோன்றியது. பெய்ஜ் வளர்ந்தது இந்த உலகில்தான்.

பிறப்பும் பெயரும்

அலபாமா மாநிலத்தில் மொபீல் என்ற துறைமுக நகரில் 1906 ஜூலை 7-ஆம் நாள் பிறந்தார் லீராய் ராபர்ட் பெய்ஜ். தந்தை தோட்ட வேலை செய்தவர். தாய் பிறர் துணிகளை வெளுத்துக் கொடுத்துக் குடும்பம் காத்தவர். பிள்ளைகளோ பன்னிரண்டு பேர். அத்தகைய வீட்டில் சிறுவர்களும் நாலு காசு கொண்டுவந்தால்தான் அடுப்பு எரியும்.

லீராய் இரயில் நிலையத்துக்குப் போய்ப் பயணிகளின் பைகளைச் சுமந்தான். ஒரு பைக்குக் கிடைத்த கூலி சொற்பம். எனவே ஒரு கழியில் கயிறுகளைக் கட்டி, ஒரே நேரத்தில் பல பைகளைத் தொங்கவிட்டுத் தூக்கினானாம். அதைக் கண்டு உடனிருந்த சிறுவர்கள் சூட்டிய பெயரே சாட்செல். அதற்குப் பை என்று பொருள். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஓட முயன்று அகப்பட்டதால்தான் அப்பெயர் வந்தது என்று சொல்லும் நண்பரும் உண்டு. எது உண்மையாயினும், பிறர் மூட்டையைச் சுமந்ததால் வந்த பெயரே அவருக்கு நிலைத்தது.

சீர்திருத்தப் பள்ளி

பள்ளிக்கு ஒழுங்காகச் செல்லாமை, கல்லெறிச் சண்டை, இவற்றோடு ஒரு கடையில் சில்லறைப் பொருள்களைத் திருடிய குற்றமும் சேர்ந்தது. 1918-இல், 12 வயதில், லீராயை மவுண்ட் மெக்ஸ் என்னுமிடத்தில் கறுப்பினச் சிறுவர்க்கென இருந்த சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினர். ஐந்தாண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தான்.

அந்த ஆண்டுகள் வீணாகவில்லை. எட்வர்டு பேர்டு என்ற பயிற்சியாளர் சிறுவனின் நீண்ட கைகளையும் கால்களையும் கவனித்தார். எறியுமுன் இடக்காலை வானளாவ உயர்த்தவும், பந்தைக் கடைசிக் கணம் வரை மட்டையாளரின் கண்ணுக்குக் காட்டாமல் மறைக்கவும், அவனுடைய முழங்கால்களைப் பார்த்தே அவன் மனத்தை அறியவும் கற்றுக் கொடுத்தார். 1923-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியே வந்தபோது, உள்ளே போன குறும்புச் சிறுவன் பந்து வீச்சாளனாக மாறியிருந்தான்.

ஊர் ஊராக ஒரு கை

1924-இல் உள்ளூர் அணியான மொபீல் டைகர்ஸில் தொடங்கியது அவர் பயணம். 1926-இல் சட்டனூகா, 1927 முதல் பர்மிங்காம், பின்னர் கிளீவ்லண்ட், 1930-களில் பிட்ஸ்பர்க் நகரின் புகழ்பெற்ற கிராபர்ட்ஸ் அணி. குளிர்காலம் வந்தால் கியூபா, கலிபோர்னியா, போர்ட்டோ ரிக்கோ. நீராவி வண்டியிலும் பழைய பேருந்திலும் சொந்தக் காரிலும் அவர் கடந்த தொலைவை யாரும் அளந்ததில்லை.

இப்படி அவர் ஓடிக்கொண்டே இருந்தது ஏன்? ஊர் சுற்றும் ஆசை ஒரு காரணம். பணம் மற்றொரு காரணம். அவர் பெயரைச் சுவரொட்டியில் அச்சிட்டாலே அரங்கு நிரம்பும். ஆகவே அணியின் உரிமையாளர்கள் அவரை ஒருநாள் வாடகைக்குப் பிற ஊர்களுக்கு அனுப்பினர். வசூலில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அதிகத் தொகை தருபவர் அழைத்தால், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் உதறிவிட்டுப் போய்விடுவார். இதனால் அவரை நம்பியிருந்த உரிமையாளர்களும் உடன் ஆடியவர்களும் பலமுறை தவித்தது உண்டு. இக்குறையை மறைத்து அவரை மாசற்றவராகக் காட்டத் தேவையில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மூப்பு வந்தால் காப்பாற்ற ஓய்வூதியம் இல்லை. கை முறிந்தால் கேட்பார் இல்லை. நிலையான இடம் தராத உலகம் நிலையான பற்றை மட்டும் எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

ஆடப் போன ஊர்களில் அவர்களுக்குக் கைதட்டல் கிடைக்கும். உணவு விடுதியில் சோறு கிடைக்காது. ஆயிரக்கணக்கானோர் கண்டு களித்த வீரர்கள் இரவில் படுக்க அறை கிடைக்காமல் பேருந்திலேயே உறங்கினர்.

அவருடைய பந்துகளுக்கு அவரே பெயர் சூட்டினார். காற்றில் ரீங்காரமிட்டுச் செல்லும் விரைவுப் பந்துக்குத் தேனீப் பந்து என்று பெயர். காலை ஊன்றியபின் ஒரு கணம் கையை நிறுத்தி, மட்டையாளர் தடுமாறும் நேரத்தில் விடும் பந்துக்குத் தயக்கப் பந்து என்று பெயர். தட்டுக்குப் பதிலாக மிட்டாய்க் காகிதத்தைத் தரையில் வைத்து, அதன்மீது பந்து தவறாமல் செல்லுமாறு எறிந்து காட்டுவது அவர் வழக்கம். விரைவு பலருக்கு உண்டு. விரைவோடு இத்துணைக் குறியும் சேர்ந்தது அவரிடத்தில்தான்.

1935-இல் வடக்கு டகோட்டா மாநிலத்தின் பிஸ்மார்க் நகரில் கார் வணிகர் ஒருவர் நடத்திய அணியில் பெய்ஜ் ஆடினார். அந்த அணியில் வெள்ளையரும் கறுப்பரும் தோளோடு தோள் நின்றனர். விச்சிட்டா நகரில் அவ்வாண்டு நடந்த தேசியப் போட்டியில் அந்த அணியே வாகை சூடியது. வானம் இடிந்து விழவில்லை. பார்வையாளர் எழுந்து ஓடவில்லை. பெரும் அமைப்புகளில் நடக்கவே முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்று, சிறு நகரத்துத் திடலில் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே நடந்து முடிந்தது.

போட்டிக் காலம் முடிந்தபின் வெள்ளை வீரர்கள் அணி திரட்டி வந்து கறுப்பர் அணிகளோடு காட்சி ஆட்டங்கள் ஆடுவதுண்டு. ஒரே ஆண்டில் 30 வெற்றிகள் கண்ட டிஸ்ஸி டீன் பெய்ஜை எதிர்த்து ஆடி, அவர் திறமையை வெளிப்படையாகப் போற்றினார். பின்னாளில் பெரும்புகழ் அடைந்த ஜோ டிமாஜியோ 1936-இல் பெய்ஜின் பந்தை ஒருமுறை அடித்ததையே தாம் தேறியதற்குச் சான்றாகக் கருதினார். ஆக, அவர் தரம் யாருக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கதவு திறக்கவில்லை.

சர்வாதிகாரியின் அணி

1937-இல் டொமினிகன் குடியரசைக் கொடுங்கோலாட்சி செய்துவந்தவர் ரபேல் துருஹீயோ. தலைநகருக்கே தம் பெயரைச் சூட்டிக்கொண்டவர் அவர். அவர் பெயர் தாங்கிய நகரின் அணி தோற்கலாமா? அமெரிக்காவிலிருந்து சிறந்த வீரர்களைப் பெரும்பணம் கொடுத்து வரவழைத்தனர். பெய்ஜ் சென்றார், அவரைத் தொடர்ந்து, கறுப்பர் அணிகளில் ஈடிணையற்ற மட்டையாளராகத் திகழ்ந்த ஜாஷ் கிப்சனும், மின்னல்போல் ஓடும் கூல் பாப்பா பெல்லும் சென்றனர்.

அங்கே சிப்பாய்கள் துப்பாக்கியுடன் காவல் நின்றனர். தோற்றால் என்ன ஆகுமோ என்ற அச்சத்தோடு ஆடியதாக வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். இறுதியில் அவர்களே வென்றனர். உயிரோடு ஊர் திரும்பினர். தாய்நாட்டில் ஒப்பந்தத்தை மீறியதற்காக அவர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. தடை செய்யப்பட்டவர்கள் தாமே ஓர் அணியாகச் சேர்ந்து ஊர் ஊராக ஆடி வயிறு வளர்த்தனர்.

கை ஓய்ந்த ஆண்டு

1938-இல் மெக்சிகோவில் ஆடிக்கொண்டிருந்தபோது பெய்ஜின் தோளில் வலி கண்டது. வலி நாளுக்கு நாள் பெருகியது. கையைத் தலைக்குமேல் தூக்கவும் இயலவில்லை. இனிப் பந்தெறிய முடியாது என்றனர் மருத்துவர். 32 வயதில், கையைத் தவிர வேறு முதல் இல்லாத மனிதருக்கு இதைவிடப் பெரிய இடி எது? நேற்றுவரை போட்டி போட்டுக்கொண்டு அழைத்தவர்கள் இன்று திரும்பியும் பார்க்கவில்லை.

அந்நேரத்தில் கைகொடுத்தவர் கான்சஸ் சிட்டி மானார்க்ஸ் அணியின் உரிமையாளர் வில்கின்சன் என்ற வெள்ளையர். சிறு ஊர்களைச் சுற்றிவரும் தம் இரண்டாம் அணியில் பெய்ஜைச் சேர்த்துக்கொண்டார். எறிய முடியாவிட்டாலும் அவர் பெயருக்காகக் கூட்டம் வரும் என்பதே கணக்கு. பெய்ஜ் மெதுவாக ஒன்றிரண்டு பந்துகள் எறிவார். பிறகு முதல் தளத்தில் நின்றுகொள்வார். அணியின் உடற்பயிற்சியாளர் எண்ணெய் தேய்த்தும் வெந்நீர் ஒத்தடமிட்டும் கையைப் பேணினார். 1939-இல் ஒருநாள் வலி போன இடம் தெரியவில்லை. பந்து பழைய விரைவோடு பாய்ந்தது.

கைக்கு உயிர் வந்தது. மனத்துக்கோ அறிவு வந்தது. விரைவு ஒன்றையே நம்பினால் ஒருநாள் அது கைவிடும் என்று உணர்ந்த பெய்ஜ், வளைந்து செல்லும் பந்துகளையும் மெதுவாக மிதந்து வரும் பந்துகளையும் முயன்று கற்றார். முதுமையில் அவரைக் காத்தது இந்த இரண்டாம் கல்விதான்.

1942-இல் மானார்க்ஸ் அணி கறுப்பர் உலகத் தொடரில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியை நான்கு ஆட்டங்களிலும் தொடர்ந்து வென்றது. அதில் ஓர் ஆட்டத்தில், மூன்று தளங்களிலும் ஆள் நிற்கும் வேளையில், பழைய தோழர் ஜாஷ் கிப்சனை மூன்றே பந்துகளில் வெளியேற்றினார் பெய்ஜ். கிப்சனை எதிர்கொள்வதற்காகவே முன்வந்த இருவரை வேண்டுமென்றே தளத்துக்குப் போகவிட்டார் என்பது பின்னர் வளர்ந்த கதை. அன்றைய செய்தித்தாள்களில் அது இல்லை. கதையை நீக்கினாலும் மூன்று பந்துகள் மிஞ்சுகின்றன. அவையே போதும்.

முன்னே சென்றவர் வேறொருவர்

1945-இல் மானார்க்ஸ் அணியில் ஜாக்கி ராபின்சன் என்னும் 26 வயது இளைஞர் ஆடினார். கல்லூரியில் படித்தவர், இராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். அவ்வாண்டு அக்டோபரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி அவரைத் தேர்ந்தெடுத்த செய்தி வந்தது. 1947 ஏப்ரல் 15-ஆம் நாள் ராபின்சன் களம் இறங்கினார். அறுபதாண்டுச் சுவர் உடைந்தது.

நாடெங்கும் கறுப்பின மக்கள் மகிழ்ந்தனர். பெய்ஜ் வெளியே ராபின்சனைப் பாராட்டினார், உள்ளுக்குள் வருந்தினார். இருபதாண்டுகளாக அந்தச் சுவரில் மோதி மோதி விரிசல் உண்டாக்கியவர் அவர். விரிசல் வழியே நுழையும் பேறு மற்றொருவருக்கு வாய்த்தது. ராபின்சனைத் தேர்ந்ததில் பிழை காண முடியாது. இழிசொற்களைப் பொறுக்கும் திண்மையும் இளமையும் அவருக்கு இருந்தன. பெய்ஜுக்கு வயது 39; கட்டுக்கு அடங்காதவர் என்ற பெயரும் இருந்தது. ஆயினும் நியாயமான முடிவும் ஒருவரை நோகச் செய்யலாம் அல்லவா? ஜாஷ் கிப்சனுக்கு அந்த வருத்தமும் மிஞ்சவில்லை. ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1947 ஜனவரியில், 35 வயதில் அவர் இறந்துபோனார்.

42-ஆம் வயதில் புதுமுகம்

1948-இல் கிளீவ்லண்ட் இண்டியன்ஸ் அணி கோப்பையை எட்டும் தொலைவில் இருந்தது. அதற்கு மாற்று வீச்சாளர் தேவைப்பட்டார். உரிமையாளர் பில் வெக் பெய்ஜை வரவழைத்தார். அணித்தலைவர் லூ பூட்ரோ அவ்வாண்டு நாட்டின் தலைசிறந்த மட்டையாளர்களுள் ஒருவர். அவரே மட்டை பிடித்துச் சோதித்துப் பார்த்தார். பெய்ஜின் பந்துகளைச் சரியாக அடிக்க அவரால் இயலவில்லை. ஜூலை 7-ஆம் நாள், தம் 42-ஆம் பிறந்த நாளில், பெய்ஜ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

கூட்டம் சேர்க்கச் செய்த தந்திரம் இது என்று எள்ளி எழுதினார் விளையாட்டு இதழ் ஒன்றின் ஆசிரியர். வயதைக் குறித்தும் கேலி எழுந்தது. தாம் பிறந்த நாளைத் தாய் விவிலிய நூலில் குறித்து வைத்திருந்ததாகவும், அதை ஆடு தின்றுவிட்டதாகவும் பெய்ஜே கதை சொல்லித் திரிந்தவர்தான்.

ஜூலை 9-ஆம் நாள் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்கு எதிராக, தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தின் நடுவில் அவரை அழைத்தனர். அமெரிக்கன் லீகில் மேடேறிய முதல் கறுப்பர் பந்து வீச்சாளர் அவரே. இரண்டு சுற்றுகள் எறிந்தார். ஓட்டம் ஒன்றும் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் ஆட்டத்தைத் தொடங்கும் பொறுப்பையும் கொடுத்தனர். ஆகஸ்டு 3-ஆம் நாள் 72,434 பேர். 20-ஆம் நாள் 78,382 பேர். இவர்கள் பெய்ஜைக் காண வந்தவர்கள். இரண்டாவதாகச் சொன்ன ஆட்டத்தில் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் தராமல் அவர் வென்றார். அவ்வாண்டு அவர் கண்டவை 6 வெற்றிகள், ஒரே தோல்வி. அவர் வெல்லும்தோறும் பில் வெக் அந்த இதழாசிரியருக்குத் தந்தி அனுப்பி, ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதுக்கு இவரைக் கருதலாமே என்று குறும்பாக நினைவூட்டினார்.

கிளீவ்லண்ட் அவ்வாண்டு உலகத் தொடரை வென்றது. அத்தொடரில் பெய்ஜுக்குக் கிடைத்தது இரண்டே மட்டையாளரை வெளியேற்றும் வாய்ப்பு மட்டுமே. இருபதாண்டுகள் காத்திருந்த மனிதருக்கு அது மிகச் சிறிய கவளம். எனினும் உலகத் தொடரில் பந்தெறிந்த முதல் கறுப்பர் என்ற இடம் அவருக்கே உரியதாயிற்று.

செயின்ட் லூயிஸில் மூன்றாண்டுகள்

1949-க்குப் பின் கிளீவ்லண்ட் அவரை விடுவித்தது. பில் வெக் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியை வாங்கியதும் 1951-இல் மீண்டும் அழைத்தார். அது பட்டியலின் அடியில் கிடந்த அணி. அங்கேதான் பெய்ஜ் மாற்று வீச்சாளராகத் தம் முழுத் தேர்ச்சியைக் காட்டினார். 1952-இல் அந்த அணி பெற்ற வெற்றிகள் மொத்தம் 64. அவற்றுள் 12 வெற்றிகள் 46 வயது பெய்ஜின் கணக்கில் சேர்ந்தவை. அவ்வாண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் தொடக்க வீச்சாளராக இறங்கி, டெட்ராய்ட் அணிக்கு எதிராக 12 சுற்றுகள் தாமே எறிந்து, 1-0 என்று வென்றார். 1952-லும் 1953-லும் அமெரிக்கன் லீகின் சிறந்தோர் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது.

பெரும் அமைப்புகளுக்குள் வந்தபின் அவர் எறிந்த ஆட்டங்கள் மொத்தம் 179. அவற்றுள் தொடக்க வீச்சாளராக இறங்கியவை 26 மட்டுமே. மற்ற 153 ஆட்டங்களிலும் அவர் இடையில் வந்தவர். வேறொருவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர். 28 வெற்றிகள், 31 தோல்விகள் என்கிறது ஏடு. இவ்வெண்களை மட்டும் பார்ப்பவர் இவரையா இப்படிப் புகழ்கிறார்கள் என்று வியக்கக்கூடும். 42 வயதுக்குப் பின் ஒருவர் செய்ததுதான் இவ்வளவு. அதற்கு முந்திய இருபதாண்டுகளின் பக்கம் அந்த ஏட்டில் வெறுமையாக இருந்தது. 2,000 வெற்றிகளுக்கு மேல் கண்டதாக அவர் சொல்லிக்கொண்டார், சரிபார்க்க வழியில்லை. ஏனெனில் எண்ணி வைக்க அன்று யாருக்கும் அக்கறை இல்லை.

மூன்று சுற்றுகளும் 158 நாட்களும்

அதன்பின் மியாமி போன்ற நகரங்களின் இரண்டாம் நிலை அணிகளில் ஆடினார். 1965 செப்டம்பர் 25-ஆம் நாள் கான்சஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ் அணி அவரைக் களத்துக்கு அழைத்தது. வயது 59. மக்களுக்கு வேடிக்கையாக இருக்கட்டும் என்று ஆடும் நாற்காலி ஒன்றைப் போட்டு, பக்கத்தில் ஒரு செவிலியையும் நிற்க வைத்தனர். கிழவரை வைத்துக் கூத்துக் காட்டுகிறார்கள் என்றே பலரும் எண்ணினர். பாஸ்டன் அணிக்கு எதிராக மூன்று சுற்றுகள் எறிந்தார் பெய்ஜ். ஓர் அடி மட்டுமே விழுந்தது, ஓட்டம் எதுவுமில்லை. அவர் விடைபெற்றபோது அரங்கின் விளக்குகளை அணைத்தனர். மக்கள் தீக்குச்சிகளைக் கொளுத்திப் பிடித்துப் பாடி வழியனுப்பினர். கூத்தாகத் தொடங்கிய இரவு பெருமையோடு முடிந்தது.

ஆனால் கைதட்டல் உலை வைக்க உதவாது. ஓய்வூதியம் பெறுவதற்கு வேண்டிய பணிக்காலத்தில் அவருக்கு 158 நாட்கள் குறைந்தன. எத்தனையோ அணிகளின் வாசலைத் தட்டினார். 1968-இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி அவரைப் பெயரளவில் சேர்த்துக்கொண்டு அந்நாட்களை நிறைவு செய்ய உதவியது. நாற்பதாண்டுகள் உழைத்தவருக்கு 158 நாட்கள் குறைந்தது எதனால்? முதல் இருபது ஆண்டுகளை யாரும் கணக்கில் சேர்க்காததனால்.

புகழ்மண்டபத்தில் தனியறையா?

1971-இல் கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள பேஸ்பால் புகழ்மண்டபத்துக்குப் பெய்ஜைத் தேர்ந்தெடுத்தனர். கறுப்பர் அணிகளில் ஆற்றிய பணிக்காக அச்சிறப்பைப் பெற்ற முதல் வீரர் அவர். ஆனால் அங்கும் ஒரு சுவர். கறுப்பர் அணிகளின் வீரர்களைத் தனிப் பகுதியில் வைக்கலாம் என்பதே முதலில் செய்த முடிவு. வாழ்நாளெல்லாம் தனி விடுதி, தனி வாயில் என்று ஒதுக்கப்பட்டவருக்குப் புகழிலும் தனி ஒதுக்கிடமா என்று நாடெங்கும் கண்டனம் எழுந்தது. முடிவு மாறியது. அவ்வாண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் ஏனையோருக்குச் சமமாகவே அவர் அம்மண்டபத்தில் இடம்பெற்றார்.

1982 ஜூன் 8-ஆம் நாள் கான்சஸ் சிட்டியில் அவர் உயிர் நீத்தார். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்தான் அந்நகரில் ஓர் ஆட்டத்திடலுக்கு அவர் பெயரைச் சூட்டியிருந்தனர்.

அவர் மறைந்து 38 ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடந்த கறுப்பர் அமைப்புகளின் ஆட்டங்களையும் பெரும் அமைப்புகளின் ஆட்டங்களுக்கு ஈடாக ஏற்பதாக அறிவித்தனர். கிடைத்த ஆட்டக் குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் ஊர் ஊராகத் தேடித் தொகுத்தனர். 2024-இல் அவை அதிகார ஏட்டில் சேர்ந்தன. வெறுமையாக இருந்த பக்கத்தில் எழுத்து ஏறத் தொடங்கியது.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது

மாணவ நண்பர்களே! சாட்செல் பெய்ஜின் வாழ்க்கையைப் படிப்போர் அவருடைய விடாமுயற்சியை வியப்பார்கள். வியக்க வேண்டியதுதான். கை ஓய்ந்தபின்னும் புதிய பந்துகளைக் கற்ற உறுதியும், கேலியாக அழைத்தவரையும் வாயடைக்கச் செய்த திறமும் நமக்குப் பாடம். ஆனால் விடாமுயற்சியைப் போற்றுவதோடு நின்றுவிட்டால், கதவை மூடி வைத்தவர்களை நாம் மறந்தவர்களாவோம். காத்திருந்தவரின் பொறுமையைப் புகழ்வது எளிது. அவரை ஏன் காக்க வைத்தார்கள் என்று கேட்பதுதான் கடினம்.

பெய்ஜுக்காவது 42-ஆம் வயதில் கதவு திறந்தது. அவருக்குக் கை இருந்தது. காலமும் சற்றே கருணை காட்டியது. கிப்சனுக்குத் திறக்கவில்லை. பெயர்கூடத் தெரியாமல் போனவர் எத்தனை பேர்! பேருந்தில் உறங்கிச் சிறு ஊர்த் திடல்களில் ஆடி மறைந்த அவர்களைக் கூப்பர்ஸ்டவுன் அறியாது. திறமை காலந்தாழ்ந்து வெளிப்படுவது இயற்கையின் செயலாக இருக்கலாம். காலந்தாழ்ந்து மதிக்கப்படுவது மனிதர் செய்யும் குற்றம். நாளை நம் கைகளிலும் ஏதேனும் ஒரு கதவின் சாவி வந்து சேரும். அலுவலகத்தில் அமர்ந்தாலும், பள்ளியில் ஆசிரியராய் நின்றாலும், ஓர் ஆட்டத்துக்கு அணி தேர்ந்தெடுத்தாலும், வெளியே நிற்பவர் யார் என்று பார்த்து, நேரத்தோடு கதவைத் திறப்போமாக!